பூசை நடுவில கொப்பா எழும்பி நிண்டது

ரானுயி, ஓக்லண்ட்
செவ்வாய்க்கிழமை

என்ர அன்பு மகள் றொஷானிக்கு பெரியம்மா எழுதிறது. மடு மாதாவின்ர காவலில நானும் கொப்பாவும் இஞ்ச நல்ல சுகம், நீயும் அங்க நாஷ்வில்லில தடிமன் காய்ச்சல் இல்லாமல், முக்கியமாத் தொண்டை கட்டாமல் இருக்க வேணும் எண்டு மாதாவை மண்டாடுறன். போனில கதைச்சா நான் பாதியை விட்டிடுவன், அதால ஆறுதலா எழுதி, பக்கத்து வீட்டு ஸ்ருதியைக் கொண்டு படம் பிடிச்சு அனுப்புறன், கடைசி வரைக்கும் வாசி. ஞாயிற்றுக்கிழமை பூசையில நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வாற சனிக்கிழமை உங்கட மேடையில ஏறுற பிள்ளையள் எல்லாரும் பாட்டுக்காரரின்ர பிள்ளையளாம், ஒவ்வொருத்தரும் தாய் தேப்பன் கட்டின பாட்டு ஒண்டும் தான் கட்டின பாட்டு ஒண்டும் பாட வேணுமாம் எண்டு நீ சொன்னதில இருந்து எனக்கு நித்திரை இல்லை. ஒனிஹங்காக் கரையை வைச்சு நீங்கள் கட்டின அந்தப் பாட்டைப் பாட விடுங்கோ அப்பா எண்டு நீ மூண்டு தரம் கேட்டும் கொப்பா வாய் திறக்கேல்லை. கோபம் எண்டு நினையாதை பிள்ளை. அமெரிக்கானா எண்டு நீ சொல்லுற அந்த நாட்டுப்புறக் கதைப் பாட்டுகளைத்தான் அவரும் கிற்றாரும் கையுமா வெள்ளிக்கு வெள்ளி கிளப்புகளில பாடித் திரிஞ்சவர். நீ கோயிலில முதல் நன்மை வாங்கின நாளில கூட ஹமில்ட்டனில பாடிக்கொண்டு நிண்டவர், கொம்மா கண்ணை மூடின பிறகு அந்த நினைப்பு அவரைத் திண்டுகொண்டே இருக்குது, அதுதான் கிற்றாரையும் தொடாமல் விட்டவர். நீ நேர்ஸ் வேலையை விட்டிட்டுப் போன நாள் தொடக்கம் ஆரும் கேட்டா மகள் அமெரிக்காவில எண்டு மட்டும் சொல்லுவார், பாடுறாள் எண்டு சொல்லமாட்டார்.

நான் உன்ர சனிக்கிழமைக்காகப் பூசைக்குக் குடுப்பம் எண்டு கோயில் வாசல் கொப்பியில உன்ர பேரை எழுதினன். மாதா மாதம் கொம்மாவுக்கு எழுதிற கை, அதே பக்கத்தில எழுதிப்போட்டுது, அது மரிச்ச ஆக்களின்ர பக்கம். சுவாமி இஞ்சைக்குப் புதுசு, ஒருத்தரையும் தெரியாது, மன்றாட்டு நேரம் றொஷானி கிளெமென்டின்ர ஆத்தும இளைப்பாற்றிக்காக எண்டு வாசிச்சிட்டார். முன் வாங்கில இருந்த மரகதம் அக்கா திரும்பி என்னைக் கட்டிப்பிடிச்சு அழத் தொடங்கிட்டா, அவவின்ர பிடிக்குள்ள இருந்து எனக்கு எழும்ப முடியேல்லை. அப்பதான் பின்னுக்கு இருந்த கொப்பா எழும்பினார். பூசை நேரம் இருமல் வந்தாக்கூட வெளியில போற மனுசன். சுவாமி, என்ர பிள்ளை உயிரோட இருக்கிறாள், வாற சனிக்கிழமை நாஷ்வில்லில பாடப்போறாள், நான் கட்டின பாட்டைத்தான் பாடப்போறாள் எண்டு கோயில் முழுக்கக் கேக்கச் சொன்னார். சுவாமி கொப்பியை ஒருக்காப் பாத்திட்டு, அப்ப அவவின்ர குரலுக்காக மன்றாடுவம் எண்டார், சனம் கைதட்டிச்சுது. நான் செய்த பிழைக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யிறதோ மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திறதோ எண்டு தெரியாமல் ரெண்டையும் செய்தன்.

பிறகு தேத்தண்ணி குடிக்கிற இடத்தில மரகதம் அக்கா, கண்ணீர் காயமுன்னமே, பிள்ளையை உயிர்ப்பிச்சாச்சு கிளெமென்ட், இனி அந்தப் பாட்டையும் உயிர்ப்பியுங்கோ எண்டு பகிடி விட்டா. கொப்பா போய்ப் பாடகர் குழுவின்ர கிற்றாரைத் தூக்கினார். பதினொரு வருசம் தொடாத விரல், ரெண்டு தரம் பிழைச்சுது. பிறகு, மானுக்காவுக் கடல் வத்தின நேரம் ஒனிஹங்காப் பாலத்தடியில நிண்டு, வேலை முடிஞ்சு வாற கொம்மாவைப் பாத்துக்கொண்டிருக்கிற அந்தப் பாட்டை முழுக்கப் பாடினார். இங்கிலிஸ் பாட்டு, எனக்கு அரைவாசி விளங்கேல்லை, கொம்மான்ர பேர் வந்த இடம் மட்டும் நல்லா விளங்கிச்சுது.

வீட்டுக்கு வானை ஓட்டிக்கொண்டு வரேக்க கொப்பா, அக்கா, அவளுக்கு எழுதுங்கோ எண்டார். ரெண்டாவது பந்தியை நீ கெதியாப் பாடுறியாம், அது காத்துக்கொண்டு நிக்கிற இடமாம், ஓடக் கூடாதாம், வரிக்கு வரி மூச்சு விட வேணுமாம். நீ அதைப் பாடிப் பழகி அனுப்பின வீடியோவை நான் போட்டுக் காட்டேக்க எழும்பிப் போன மனுசன் எல்லே, பின்ன எப்ப கேட்டனீங்கள் எண்டு கேட்டன். சிவப்பு லைட்டைப் பாத்தபடி, கனதரம் கேட்டனான் எண்டார். இதுக்கு மேல ஒரு சம்மதம் உனக்குத் தேவையோ.

அங்க ஐஸ் தண்ணி குடியாதை, இஞ்சி இடிச்சுப் போட்டுத் தேத்தண்ணி குடி. மேடைக்கு ஏற முதல் ஒரு அருள்நிறை மரியே சொல்லு, கனக்க வேண்டாம், ஒண்டு காணும். உங்கட சனி இரவு எங்களுக்கு ஞாயிறு மத்தியானம், ரிவியில போட்டுப் பாக்கப்போறம், அதுக்காக நான் சனி பின்னேரமே பூசை கண்டிடுவன். மாதா உன்ர நெஞ்சிலயும் தொண்டையிலயும் கை வைச்சுக் காக்கட்டும் மகள்.

ஒண்டை மறந்திடாதை. மேடையில தன்ர பேரைச் சொல்லத் தேவையில்லையாம் எண்டு கொப்பா எழுதச் சொன்னவர். நீ சொல்லு பிள்ளை. ரிவிக்கு முன்னால இருக்கிறதுக்கு மனுசன் நேற்றுப் புதுச் சேட்டு ஒண்டு வாங்கி வைச்சிருக்கிறார்.

உன்ர பெரியம்மா
சிசிலியா