தேங்காய் எண்ணெய் பூசிய இருக்கை

மன்னார் அக்காவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? குண்டசாலையில் நான் நலம்.

நான் வேலை செய்யும் வீட்டு எஜமானி சுகிர்தாவின் காரில், கான்வென்டில் பழகியபடி தோல் இருக்கைகளை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலரவிட்டு, அளவாகக் கிரீம் பூசினேன்.

"பளபளப்பே இல்லையே! கான்வென்ட்ல இதுதான் சொல்லிக்குடுத்தாங்களா?" என்று விருந்தினர் முன் சிரித்தாள். அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு தானே தேங்காய் எண்ணெயைத் தேய்த்தாள். துணியில் ஒட்டும் என்று தெரிந்தும் நான் தடுக்கவில்லை. மறுநாள் அதில் அமர்ந்து கல்யாணத்துக்குப் போனாள். சந்தனநிறப் பட்டின் பின்புறமெல்லாம் எண்ணெய். மண்டபமே பார்த்ததாம்.

நேற்று, "சீட்டைச் சரியாக்கிக் குடுங்கம்மா" என்று வந்தாள்.

"அண்டைக்கு என்னைப் பாத்துச் சிரிச்ச ஆக்களைக் கூப்பிட்டு, அவையளுக்கு முன்னால கேளுங்கோ. செய்யிறன்" என்றேன்.

சம்மதித்துவிட்டாள்; ஞாயிறு அந்த விருந்தினர் வருகிறார்கள். உங்கள் அலுமாரியிலுள்ள, தூரத்தைப் பார்க்க நான் போடும் மூக்குக்கண்ணாடியை உடனே அனுப்புங்கள். உங்கள் கையால் நான்கு வரியும் எழுதி வையுங்கள். அவள் கேட்கும்போது முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவேண்டும்.

அவசரத்தில்,
தங்கை பிலோமினா