பல்லக்கை நிறுத்திய மணல்

திரு விளங்குக, ஏரி நிறைக, பிள்ளைகள் எழுத்தில் தெளிக. வெண்கொற்றி மாதேவியார் செங்கோல் செலுத்தும் ஏழாம் ஆண்டில், தேவியார் திருவாய்மொழிந்தபடி ஓலைநாயகன் ஆதன்கிழான் எழுதியது. கல்விப் பேரமைச்சரும் விருதுகள் பல சூடியவருமான கருணாகரப் பேரரையர் காண்க. தங்கள் மாளிகையும் யானைக்கொட்டிலும் நலமே இருக்கும் என்பதில் தேவியாருக்கு ஐயமில்லை.

குறும்பலூர்ப் பள்ளியில் பிள்ளைகளின் கல்வி உயர எது முதன்மையோ அதை முதலில் செய்க எனத் தேவியார் சித்திரையில் ஆணையிட்டார். தாங்களும் மன்றம் கூட்டி, வாயிலில் கல்தோரணம் எழுப்புவதே முதன்மை, அதில் தங்கள் விருதுப்பெயர்களைப் பொறிப்பது அடுத்தது, அதைத் திறக்கத் தாங்கள் பல்லக்கில் எழுந்தருளுவது அதற்கும் அடுத்தது என முடிவு கண்டீர்கள். பிள்ளைகள் எழுதிப் பழகும் மணல் கடைசியில் வந்தது. அதுவும் மன்றத்தில் எவரோ இருமியபின் நினைவுக்கு வந்ததாகக் கேள்வி.

அம்மட்டோடு நின்றிருந்தால் பாதகமில்லை. பல்லக்கின் வழி மெத்தென்றிருக்க வேண்டும் என்று, தங்கள் ஏவலர் பள்ளிக்கூடத்து எழுத்துமணலை வாரிச்சென்று வாயிலிலிருந்து பள்ளிப் படிவரை பரப்பினர். பள்ளி ஆசிரியை அல்லியங்கோதை மணலைத் திருப்பித் தருமாறு கேட்டார்; மணலின் முறை தோரணத்துக்குப் பிறகே வரும் என்று விடை கிடைத்தது. வேறு வழியின்றி அவர் காற்றில் விரலால் எழுதிக் காட்ட, பிள்ளைகளும் காற்றில் எழுதினர். காற்றில் எழுதியதில் பிழை கண்டு திருத்துவது எப்படி? பிறகு தங்கள் கண்காணிகள் வந்து சோதித்து, இவர்கள் மந்தப் பிள்ளைகள், திறப்புவிழா அன்றே ஆசிரியை வெளியேறுக என்றனர். வேலை போவதைவிட, தம் பிள்ளைகளை மந்தம் என்றதில்தான் அவருக்கு வயிறு எரிந்தது.

விழா நாள் விடியலில் அவர் பிள்ளைகளை அந்த வழியிலேயே உட்காரவைத்து, அவர்களுடைய மணலிலேயே எழுதச் சொன்னார். வாயிலிலிருந்து படிவரை ஒரே சொல்: மணல். எழுத்தை மிதிப்பது இந்நாட்டில் எவர்க்கும் ஆகாது. எழுதியவரே அழிக்க வேண்டும் என்பதும் வழக்கம். பல்லக்குச் சுமப்போர் படிக்காதவர்தாம். ஆயினும் எழுத்தைக் கண்டதும் நின்றுவிட்டனர். நடக்குமாறு தாங்கள் முழங்கியபோது, கால் வரவில்லை என்று பணிவுடன் விண்ணப்பித்தனர். அழிக்குமாறு ஆணையிட்டபோது, பிள்ளைகள் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்றார் ஆசிரியை. உச்சிவெயிலில் தங்கள் பட்டுகள் நனைந்த செய்தி கேட்டுத் தேவியார் வருந்துகிறார்.

தாங்கள் விடுத்த முறையீட்டில், இப்பிள்ளைகள் ஓர் எழுத்தும் அறியார் என்று மேலே உள்ளது. மணல் என வழிநெடுக எழுதி அமைச்சரை அவமதித்தனர் என்று கீழே உள்ளது. தேவியார் அதை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. ஆணை பின்வருமாறு.

அல்லியங்கோதை தம் பணியில் நீடிப்பார். மணல் இன்றே பள்ளிக்குள் திரும்புக. இனிப் பல்லக்கு ஆற்றுமணல் சுமந்து குறும்பலூர் செல்லும். சுமப்போர்க்குக் கூலி குறையாது, அமைச்சர் நடப்பார். அவ்வாறு நடந்து சென்று, பிள்ளைகளுக்குப் பின்வரிசையில் அமர்ந்து, கல்விக்கு எது முதன்மை என்பதைத் தங்கள் விரலாலேயே மணலில் எழுதி, ஆசிரியை சரி என்னும்வரை அழித்தெழுதுக. பிள்ளைகள் சிரித்தால் பொறுத்தருள்க. வழியில் எழுத்து இருக்குமாயின், அவர்கள் எழுதி முடிக்கும்வரை தங்கள் தோரணத்தடியில் நின்று காத்திருப்பீராக.

தேவியார் திருமுத்திரை.