தேசிமரத்திலிருந்து பதினொரு காலடி

ஜூன் 24, செவ்வாய்
புழுக்கம். ஏசி பழுது, ஆள் வியாழன்தான் வருவானாம். வாங்க: பால், கறிவேப்பிலை, ஊறுகாய் போடத் தேசிக்காய், இவருடைய பிரஷர் குளிசை.

இவர் விடிந்ததிலிருந்து ஐபேட். திரும்பவும் அரிசோனா. பாலைவனத்தில் தங்கம் கண்ட ஒருவன் சாகும்போது அடையாளம் சொல்லிவிட்டுப் போனானாம். நூறு வருடத்துக்கு மேல் தேடுகிறார்கள், ஒருவருக்கும் அகப்படவில்லை. போன சிலர் திரும்பவும் இல்லை.

"அவன் சொன்னது சரி. இவங்கள் அடி எண்ணினதுதான் பிழை."

ஜூன் 25, புதன்
அரிசோனாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். முதலாம் திகதி, தனியாக. நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். அங்கே 44 பாகை. கத்தினேன்.

"உம்மட தாலிக்கொடியைத் துலைச்சனான். ஒருக்கால் எண்டாலும் நான் தேடி எடுக்க வேணும்."



ஜூன் 27, வெள்ளி
இங்கேயாவது எழுதுகிறேன். சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடுவதற்கு முதல் நாள் இவர் தாலிக்கொடியோடு நகையெல்லாம் பால்மாத் தகர ரின்னில் போட்டு, தேசிமரத்திலிருந்து கிணற்றுப் பக்கம் பதினொரு காலடி எண்ணிப் புதைத்தார். ஊரே அப்படித்தான் புதைத்தது. என் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். இவர் ட்ரக்டர் தேடிப் போன நேரம் தோண்டி எடுத்துவிட்டேன். ஏஜென்சிக்காரனுக்குக் கொடுத்துத் தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பினேன். இல்லையென்றால் அவன் இன்று இல்லை.

சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் இவர் ஊருக்குப் போய் மூன்று நாள் கிண்டினார். வந்து, "அடி பிழைச்சுப்போச்சு" என்று அழுதார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வாய் வரவில்லை. பாவி நான்.

ஜூன் 29, ஞாயிறு
ஏசி சரி. யூனியன்வில்லில் இருக்கும் தம்பிக்குப் போன்.

"இப்ப சொல்லாதேங்கோ அக்கா. அத்தான் உடைஞ்சு போவார்."

"சொல்லாட்டிப் போயிடுவாரடா."

பிளேன் எத்தனை மணிக்கு என்று கேட்டான். பிறகு, "எயார்போட்டுக்கு நான் கொண்டுபோய் விடுறன்" என்றான்.

ஜூலை 1, செவ்வாய்
தூறல். பையில் தொப்பி இரண்டு, குளிசை, ரோச் லைற், மண்வெட்டிக்குப் பதிலாக என் பூக்கன்று கிண்டும் கரண்டி. தம்பி பையைத் தூக்கிக் காரில் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலில், "இஞ்சருங்கோ, அந்த ரின்..." என்றேன்.

"ஓம், ஓம். அதுக்குத்தானே போறன்."

ஜூலை 3, வியாழன்
பத்து மணிக்கு அங்கேயிருந்து போன் எடுத்தார். குரல் வறண்டிருந்தது. "இஞ்ச மரமே இல்லையப்பா. ஒரு கள்ளி நிக்குது, அதிலயிருந்து எண்ணப்போறன்."

சொல்லிவிட்டேன். ரின்னை எடுத்தது நான்தான், அடி பிழைக்கவில்லை, சரியாகத்தான் எண்ணினீர்கள், வாருங்கள் என்று. எல்லாவற்றையும். லைன் எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி
ஒன்பது தரம் எடுத்தேன். வொயிஸ்மெயில். அங்கே இன்று 46 பாகை.