ஆரணியின் காரில் இடப்பக்க இருக்கை

என்னை அதட்டுவதற்கென்றே இரண்டு வருடம் முந்திப் பிறந்த என் அன்பு அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. கடிதம் எழுதும் பழக்கம் நமக்கு விட்டுப்போய் எத்தனையோ வருடம். ஒரே நகரத்துக்குள் நீ பக்குரங்காவில், நான் பாபகூராவில். ஒரு நாளைக்கு மூன்று தரம் தொலைபேசியில் சண்டை பிடிக்கிறவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது வேறு வழியில்லை. உன் மகளைப் பற்றியும் உன் காரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னிடம் ஒன்று கேட்கவும் வேண்டியிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் எதுவரை இருந்தாய் என்று எனக்குத் தெரியாது.

ஆரணி அப்போது பழகுநர் லைசென்ஸில் கார் ஓடிக்கொண்டிருந்தாள். நீ பக்கத்தில் இருக்க, உங்கள் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கி ஓடி வந்தவளின் முகத்தைப் பார்க்க வேண்டும். "சித்தி, அம்மா வழி முழுக்க வாயே திறக்கேல்லை! ஒரு பேச்சுக்கூட இல்லை! அவ்வளவு நல்லா ஓடியிருக்கிறன்!" என்றாள். சொந்தத் தெருவைத் தாண்டுவதற்குள் மூன்று தரம் "பிரேக்கை அமத்தடி" என்று கத்துகிறவள் நீ. எனக்கும் ஆச்சரியம். கை தட்டினேன். கை தட்டிக்கொண்டே சுற்றி வந்து உன் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

பெல்ட் போட்டிருந்தாய். கைப்பை மடியில் இருந்தது. நேரே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இதயம் நின்றது ஒரு நொடியில் நடந்திருக்கும், வலி தெரிந்திருக்காது என்று டொக்டர் சொன்னார். மோட்டர்வேயில் எங்கேயோ. அதன் பிறகு பிள்ளை எவ்வளவு தூரம் ஓடினாள் என்ற கேள்வியை இந்த வீட்டில் இன்றுவரை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அத்தான் போன பிறகு நீ தனியே வளர்த்த பிள்ளை. இப்போது என்னுடன்தான் இருக்கிறாள்.

முப்பத்தோராம் நாள் உன் அந்தியேட்டி முடிந்த கையோடு காரை விற்றுவிடச் சொல்லி எல்லாரும் தொடங்கினார்கள். மெல்பேர்ணிலிருந்து மாமா தினமும் அழைத்தார். "உயிர் போன வாகனம், வீட்டு முத்தத்திலை நிக்கக் கூடாது பிள்ளை." எனக்கும் அதே எண்ணம்தான், ஒளிப்பானேன்? விளம்பரத்துக்குப் படம் எடுக்கப் போனேன். ஆரணி குறுக்கே வந்து நின்றாள். உன் மகளின் தமிழ் உனக்குத் தெரியும்தானே, கோபம் வந்தால் பாதிக்கு மேல் இங்கிலிஷ். "நோ சித்தி. அது அம்மாவின்ரை கார். நான் அதை வடிவாக்கப் போறன்."

வடிவாக்குவது, அழகுபடுத்துவது என்றால் நான் கண்டது ஒன்றுதான். எங்கள் தெருவில் ஒரு பெடியன் காரின் புகைக்குழாயை மாற்றி வைத்திருக்கிறான். அவன் வேலைக்குப் போகும்போது என் சமையலறை யன்னல் அதிரும். பின்னால் ஒரு இறக்கை வேறு. "அதெல்லாம் அசிங்கம் சித்தி" என்று உன் மகள் ஒரு முறை முறைத்தாள். ஒரு பட்டியல் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். சுப்பர்மார்க்கெட்டில் வார இறுதி வேலைக்குக் கிடைக்கிற காசுக்குள் முடியக்கூடியவை மட்டும்தான் அதில் இருந்தன. கைகாரி, உன்னைப் போல.

முதலில் முன்விளக்குகள். மஞ்சள் பூத்துப்போய் இருந்தனவே, அவற்றை ஒரு சனிக்கிழமை முழுக்க நனைத்த மணல்தாளால் தேய்த்து, மெருகு பூசித் துடைத்தாள். கண்புரை எடுத்ததுபோல் கார் முழித்துப் பார்த்தது. அடுத்து, பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்தில் உன் காரின் வகைக்கே பொருந்தும் நல்ல அலோய் சில்லுகள் நான்கு பிடித்து, பல்துலக்கும் பிரஷால் கழுவிப் பூட்டுவித்தாள். புதிய றேடியோ, அதோடு பின்னால் பார்க்கிற கமரா. அதனால் பழைய றேடியோவுக்குள் இருந்த உன் ஜப்பான்காரி போய்விட்டாள், அக்கா. காலையில் கார் எடுத்ததும் அவள் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்ல, "கவனமாப் போட்டு வா எண்டு சொல்லுறா" என்று நீ எங்களுக்கு மொழிபெயர்ப்பாயே. ஆரணி விசாரித்துப் பார்த்தாளாம். ஏதோ சுங்கச்சாவடி அட்டை போடவில்லை என்றுதான் இத்தனை வருடமும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

பின்கண்ணாடியடியில் நீ வைத்திருந்த சரிகை உறை போட்ட டிசு பெட்டியையும் எடுத்துவிட்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. பெட்டியைத் தன் கட்டிலருகே வைத்துக்கொண்டாள். பிள்ளையார் மட்டும் அதே இடத்தில் இருக்கிறார். புதுப் பசை போட்டு ஒட்டியிருக்கிறாள்.

பட்டியலில் கடைசி, இருக்கை உறைகள். சாம்பல் நிறம், நல்ல தடித்த துணி. கிளென் ஈடனில் கார் வேலைகள் செய்யும் மலேசியத் தமிழர் ஒருவரிடம் ஒரு புதன்கிழமை போட்டுக்கொண்டு வந்தாள். இருக்கையை ஏன் மூட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

அதற்குள் அவள் அடுத்த லைசென்ஸும் எடுத்துவிட்டாள். தனியே ஓடலாம். வேறு ஆளை ஏற்றுவதென்றால் மட்டும் முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் முன்னால், இடப்பக்கத்தில், இருக்க வேண்டும். எனக்குப் பதினைந்து வருட லைசென்ஸ். ஆனால் பின்னால் இருந்தால் சட்டம் ஒத்துக்கொள்ளாது. முன்னால் இருக்க என் உடம்பு ஒத்துக்கொள்ளாது. தலை சுற்றும், அது இது என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தன் காரில் போவாள், நான் பின்னாலேயே என் காரில் போவேன். ஊர் சிரித்திருக்கும்.

உறை போட்டு இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, கோயிலில் வாகனப் பூசை. அங்கேயும் இரண்டு காரில்தான் போனோம். ஐயர் பொனற்றில் சந்தனம் வைத்து, நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். அவள் மெல்ல ஏற்றி நசித்தாள். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. அதோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள் நான். ஐயரைத் தனியே கூப்பிட்டு, உயிர் போன வாகனம் என்று காதுக்குள் சொன்னேன். அவர் சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு செப்புத் தகடு தந்தார். உள்ளங்கை அளவு, யந்திரம் கீறியது. "வாகனத்துக்குள்ளை எங்கையாவது வையுங்கோ அம்மா. ஒரு குறையும் வராது."

எங்கேயாவது என்றுதான் சொன்னார். நான் தெரிந்தெடுத்த இடம் உன் இருக்கை. ஆரணி பிரசாதம் வாங்கப் போன நேரம், ஓட்டுபவர் பக்கத்துக் கதவால் எட்டி, புது உறையைத் தூக்கி, தகட்டை வைத்து, அது போதாதென்று என் சொந்த யோசனையில் ஒரு தேசிக்காயையும் வைத்து, உறையை இழுத்து மூடினேன். அப்போது மனதுக்குள் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, போ. பிள்ளையை விடு." உனக்குக் கேட்டிருக்கும். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் காலை கோப்பையைக் கழுவிக்கொண்டு யன்னலால் பார்த்தேன். ஆரணி காரைப் பின்னால் எடுத்தாள், நிறுத்தினாள். இடப்பக்கம் சரிந்து, பெல்ட்டை இழுத்து, ஆளில்லாத இருக்கைக்குக் குறுக்கே போட்டுப் பூட்டினாள். உதடுகள் அசைந்தன. ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

ஈரக் கையோடு வெளியே போனேன். "என்ன செய்யிறாய் பிள்ளை?"

"அம்மா பெல்ட் போடேல்லை எண்டு கார் சத்தம் போடுது சித்தி." மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள்.

பெல்ட்டைக் கழற்றிக் காட்டினாள். டிங், டிங், டிங். முன்தட்டில் சிவப்பாக ஒரு சின்ன மனிதன், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு. இருக்கையில் யாரும் இல்லை. அவள் பெல்ட்டைப் பூட்டினாள், சத்தம் நின்றது. காலைச் சூரியன் அந்தச் சாம்பல் துணியில் விழுந்திருந்தது. நான் மதில் பக்கமாகத் திரும்பி நின்று திருநீற்றை நினைத்துக்கொண்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தகட்டின் நினைப்பே எனக்கு வரவில்லை. நீதான் என்று நினைத்தேன். போகச் சொன்னதற்காகவே வந்து குந்திக்கொண்டாய் என்று நினைத்தேன். உன் குணம் அதுதானே? பயந்தேன். ஆனால் அடுத்த நாளும் கோப்பை கழுவும் சாட்டில் யன்னலடியில் நின்று அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது கேட்டதும் மனம் ஆறியது.

இப்படியே இரண்டு வாரம். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை உன் பக்குரங்கா வீட்டில் மிச்சமிருந்த பெட்டிகளை எடுக்கப் போனோம், வழக்கம்போல் அவள் முன்னால், நான் பின்னால். அவள் தலை பாதையில் இல்லை, அக்கா. இடப்பக்கம் திரும்பித் திரும்பிக் கதைத்துக்கொண்டே போனாள். கையை ஆட்டிக் கதை சொன்னாள். பதில் கேட்பதுபோல் தலையாட்டினாள். பிளாசா கடைத்தொகுதிக்குக் கிட்ட ஒரு சுற்றுவட்டம். வலப்பக்கமிருந்து ஒரு வெள்ளை வான் வந்தது, அவள் அதைப் பார்க்கவே இல்லை. நான் என் காருக்குள் இருந்து கத்தினேன், ஹோர்ன் அடித்தேன். வான்காரன் பிரேக்கில் ஏறி நின்றான். இடையில் ஒரு முழம்தான் இருந்திருக்கும்.

அவள் தெருவோரம் நிறுத்தினாள். ஓடிப்போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இருக்கையைப் பார்த்து, "அம்மா, ஏன் நீங்கள் கத்தேல்லை?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வி போதும். இந்தப் பிள்ளை உன்னோடேயே வந்துவிடுவாள் போலிருக்கிறதே என்று முதன்முறையாக உன்மேல் எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் அவள் வகுப்புக்கு ரயிலில் போனதும் காரை எடுத்துக்கொண்டு கிளென் ஈடனுக்குப் போனேன். நான்தான் ஓட்டினேன். முந்தின நாள் ஆரணி கழற்ற மறந்த பெல்ட் பூட்டியபடியே இருந்ததால் சத்தம் இல்லை. ஆனாலும் நான் இடப்பக்கம் திரும்பவில்லை. அந்த மலேசியக்காரர் சாவியைப் போட்டு, பெல்ட்டைக் கழற்றி, சத்தத்தைக் கேட்டார். "சீட்டுக்கு உள்ள சென்சர் இருக்குலா அக்கா. வெயிட்டு பட்டா ஆள் இருக்குன்னு நெனச்சுக்கும்" என்று சொல்லிக்கொண்டே உறைக்குள் கையை விட்டார். துணியில் சுற்றிய தகடு வந்தது. பின்னால் வாடிச் சுருங்கிய தேசிக்காய் வந்தது.

"இத யாரு வெச்சது?"

"நான்தான், தம்பி."

அவர் சிரிக்கவில்லை. சத்தம் நின்றிருந்தது. "கவர் போட்டப்ப நான் செக் பண்ணித்தான் அனுப்புனேன். அப்ப ஒண்ணும் வரல" என்றார். ஆவியை விரட்ட வைத்ததே ஆவியாகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, அதுதான் என் கதை.

திரும்பி வரும் வழியெல்லாம் கார் மௌனம். தகடு என் கைப்பையில். மூன்று தரம் ஓரம் கட்டினேன். திரும்ப வைத்துவிட்டால் என்ன? பிள்ளைக்கு அம்மா, எனக்கு அக்கா, யாருக்கு நட்டம்? அந்த வெள்ளை வான் மட்டும் கண்ணுக்குள் வராமல் இருந்திருந்தால் வைத்திருப்பேன்.

மாலையில் சாப்பாட்டு மேசையில் தகட்டை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். தகட்டை விரலால் தடவிவிட்டுக் கேட்டாள். "இதை எப்ப வைச்சனீங்கள் சித்தி?"

"வெள்ளிக்கிழமை. கோயிலிலை."

"ஆனால் அந்தச் சத்தம் புதன்கிழமையே தொடங்கீட்டுதே. சீட் கவர் போட்டுக்கொண்டு வரேக்கை, மோட்டர்வேயிலை."

திரும்பவும் கேட்டேன். புதன்கிழமை என்றுதான் சொன்னாள். அவளுக்குக் கிழமை மாறியிருக்கலாம். கடைக்காரர் சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கலாம். உன்னிடம் கேட்க வேண்டும் என்று தொடங்கினேனே, இதைத்தான். அந்தப் புதன்கிழமை யார் இருந்தது, அக்கா?

இன்று காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு வேலை. காரில் ஏறினாள், இயந்திரத்தைப் போட்டாள். சத்தம் இல்லை. கார் அசையவும் இல்லை. யன்னலால் பார்க்கிறேன், இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் இடப்பக்கத்தில். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். வீட்டுச் செருப்போடு போனேன். அந்தக் கதவை, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக, திறந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். வெயில் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை, முற்றத்தில் பனி. இருக்கை இளஞ்சூடாக இருந்தது. நான் எழும்பவில்லை. பெல்ட்டைப் போட்டேன்.

ஆரணி என் கையைப் பிடித்தாள். "சித்தி, கதைச்சுக்கொண்டே வாங்கோ. ஏசினாலும் பரவாயில்லை, கத்தினாலும் பரவாயில்லை. பேசாமல் மட்டும் இருக்காதேங்கோ."

கத்தினேன், அக்கா. கண்ணாடியைப் பார் என்றேன், பிரேக்கை அமத்தடி என்றேன், சும்மா போன ஒரு பூனைக்காகவும் கத்தினேன். உன் குரலா என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. அவள் ஒருதரமும் இடப்பக்கம் திரும்பவில்லை. கண் பாதையிலேயே இருந்தது. அழுதுகொண்டே ஒழுங்காக ஓட்டினாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் முழு லைசென்ஸ் எடுக்கும்வரை அந்த இடத்தில் நான் இருப்பேன், மூச்சு இருக்கும்வரை வாய் மூட மாட்டேன். உன்னை இனிப் போகச் சொல்லவும் மாட்டேன். ஆனால் முன்னால் இடமில்லை. வருவதென்றால் பின்னால் ஏறு.

உன் வாயாடித் தங்கச்சி,
சுகந்தி