உங்கள் இடப்பக்கம்

அன்புள்ள அக்கா,

உங்கள் புகைப்படங்கள் பதினொன்று என் மேசைமேல் பரப்பிக் கிடக்கின்றன. ஆண்டு விழா, ஆசிரியர் தினம், கொடைக்கானல் சுற்றுலா, யாரோ வீட்டுச் சடங்கு. எல்லாவற்றிலும் முகத்தை லேசாகத் திருப்பி, வலக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். இரண்டு மாதமாக இந்தப் படங்களோடுதான் இருக்கிறேன். வேலை முடிந்த பிறகும் உறைக்குள் எடுத்து வைக்க மனம் வரவில்லை.

பள்ளி திறந்த முதல் வாரம் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். "நீ படம் வரைவியாம்ல? அவ முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கா. ஸ்டாஃப் ரூம்ல மாட்ட அவ படம் ஒண்ணு போட்டுக் குடும்மா. பட்டுச்சேல கட்டுனாப்புல இருக்கட்டும். நேரா பாக்குற மாதிரி போடு, மால போடுற படம் பாரு."

நான் வரைவேன் என்பது அந்தப் பள்ளியில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கங்களை ஒருநாள் நீங்கள் புரட்டிவிட்டீர்கள். "யாருகிட்டயும் சொல்லாதீக" என்று கெஞ்சினேன். "நான் ஏத்தா சொல்லப் போறேன்" என்றீர்கள். மறுநாளே சொல்லியிருப்பீர்கள் போலிருக்கிறது.

நேராகப் பார்க்கும் முகத்துக்கு எனக்கு உங்கள் இடப்பக்கம் தேவைப்பட்டது. எந்தப் படத்திலும் அது சரியாக இல்லை. வலப்பாதியை அப்படியே திருப்பிப் போட்டால் போதும் என்று நினைத்தேன். மூக்கு, கண், கன்னம் எல்லாம் அளவாகத்தான் வந்தன. ஆனால் பலகையிலிருந்து பார்த்தது வேறு யாரோ ஒரு பெண்மணி. துடைத்துவிட்டு நினைவிலிருந்து வரையப் பார்த்தேன். நினைவிலும் அந்தப் பக்கம் இல்லை. ஐந்து வருடம் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். உங்களை ஒரு பக்கம் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

நீங்கள்தானே அப்படி உட்கார வைத்தீர்கள்? வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு உங்கள் இடப்புற நாற்காலிக்கு வந்தேன். "ஏத்தா, அங்குட்டு வேணாம். இங்குட்டு வந்து உக்காரு." அன்றிலிருந்து உங்கள் வலப்புறம்தான் என் இடம். அறிவியல் சார் உங்களைச் சீண்டாத நாள் கிடையாது.

"மகாராணிக்கு வலப்பக்கந்தான் மந்திரி உக்காரணும்போல!"

"ஆமா சார். இடப்பக்கம் உங்கள மாதிரி ஆளுகளுக்கு. அங்குட்டு நின்னு எம்புட்டு வேணா பேசிக்கிருங்க."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இப்போது அந்த பஸ் பயணத்துக்கு வரவேண்டும். உங்களிடம் ஒருபோதும் பேசாத விஷயம் அது. இளையாத்தங்குடியில் நம் எழுத்தர் வீட்டுக் கல்யாணம் முடிந்து டவுன் பஸ்ஸில் காரைக்குடி திரும்பினோம். வழக்கமாகப் பெண்கள் வரிசையில் சன்னலோரம் நீங்கள், அடுத்து நான். அன்று அந்த வரிசை நிறைந்திருந்தது. எதிர் வரிசையில் இருவர் இருக்கை ஒன்று காலியாக இருக்க, நீங்கள் சன்னலோரம் நகர்ந்துகொண்டீர்கள். நான் உங்கள் இடப்புறம் உட்கார்ந்தேன்.

கல்யாண வீட்டைப் பார்த்து வந்ததாலோ என்னவோ, பல நாளாகத் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டேன். வீட்டில் எனக்கு ஒரு வரன் பார்த்து முடிக்கப் போகிறார்கள். எனக்கு விருப்பமில்லை, மேலே படிக்க வேண்டும். அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. "நீங்க ஒரு வார்த்த சொன்னா அப்பா கேப்பாக அக்கா. சொல்றீகளா?" குனிந்துகொண்டே, முன்னிருக்கையின் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நிமிர்ந்தபோது நீங்கள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சிறிது நேரம் கழித்துத் திரும்பி, "பந்தியில பால் பணியாரம் சாப்பிட்டியா? எங்க இலைக்கு வரவே இல்லத்தா" என்றீர்கள்.

அந்த வரன் ஜாதகம் பொருந்தாமல் தானாகவே தட்டிப்போனது. உங்கள்மேல் எனக்கிருந்த கசப்பு போகவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் நமக்கென்ன என்று நாசூக்காக ஒதுங்கிக்கொண்டீர்கள் என்றே நம்பினேன். மதிய உணவுக்கு நூலக அறைக்குப் போக ஆரம்பித்தேன். தேர்வுத்தாள், பாடவேளை, அவ்வளவுதான் நம் பேச்சு. ஏழெட்டு மாதம் இப்படியே போனது. கோடை விடுமுறையில் ஒரு காலை, காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது சரிந்து அப்படியே போய்விட்டீர்கள் என்று சேதி வந்தது. செக்காலையில் உங்கள் வீட்டு வாசலில் கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு, முகம் பார்க்காமலே திரும்பினேன்.

படத்துக்காகத்தான் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். உங்கள் வீட்டுக்காரர் உங்கள் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாத்தா. ஃபேனுக்குக் கீழ உக்காரு."

"சார், அக்காவோட இடப்பக்கம் தெரியுற மாதிரி ஒரு போட்டோ இருக்கா?"

அவர் சிரித்துவிட்டார். "அது எப்படித்தா இருக்கும்? போட்டோக்காரன் சொல்றது கேக்கணும்ல. கேக்குற காதக் குடுத்துக்கிட்டுத்தான் நிப்பா."

எனக்கு விளங்கவில்லை.

"அவளுக்கு இடப்பக்கக் காது சின்ன வயசுலயே போயிருச்சு, சீழ் வந்து. ஒங்கிட்டயுமா சொல்லல? காது கேக்காத டீச்சர்னு தெரிஞ்சா பிள்ளைக ஆட்டம் போடும்னு அவளுக்குப் பயம். எங்க அம்மாவுக்கே கடைசிவரைக்கும் தெரியாது." மடித்த சேலையை அடுக்கில் வைத்துவிட்டு, "ஒன்னப் பத்தித்தான் ஓயாம பேசுவா. அந்தப் பிள்ள இப்பல்லாம் முகம் குடுத்துப் பேச மாட்டேங்குது, நான் என்ன தப்பு செஞ்சேன்னு தெரியலயேன்னு பொலம்புவா" என்றார்.

அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். எழுந்தபோது, "பள்ளிக்கூடத்துல சொல்லிறாதத்தா" என்றார். சொல்லமாட்டேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து புதுப் பலகையில் ஆரம்பித்தேன். பட்டுச்சேலை இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் கட்டி வருவீர்களே, பச்சைக் கரை போட்ட கண்டாங்கிச் சேலை, அதுதான். முகத்தையும் நேராக்கவில்லை. எதிரில் நிற்பவர் பக்கம் வலக்காதைக் கொடுத்து, புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தி, பாதிச் சிரிப்போடு இருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பை வரைய மட்டும் ஒன்பது நாள் ஆனது. எதிரே இருப்பவர் சொன்னது முழுதாகக் கேட்டதா என்று உறுதியில்லாதவரின் சிரிப்பு அது. ஐந்து வருடமும் அதை உங்கள் குணம் என்றே எண்ணியிருந்தேன்.

தலைமை ஆசிரியைக்கு முதலில் பிடிக்கவில்லை. "என்னம்மா, நேரா பாக்கலயே?"

"அக்கா அப்படித்தான் மேடம் பாப்பாக."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஆமா. நான் திட்டும்போதும் இப்படித்தான் நிப்பா, பாவி. இவ ஒருத்தியாவது நம்ம சொல்றதக் கேக்குறாளேன்னு இருக்கும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆணி அடிக்க ஆளைக் கூப்பிட்டார்.

அறிவியல் சார்தான் மாலை போட்டார்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பஸ்ஸில் நான் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை என்பதற்காக அல்ல. அன்று நான் ஒரே ஒருமுறைதான் சொன்னேன், அதுவும் உங்கள் முகத்தைப் பார்க்காமல். அதற்குள் முடிவு கட்டிவிட்டேன். உங்கள் தோளைத் தொட்டு இன்னொருமுறை சொல்லியிருந்தால் திரும்பியிருப்பீர்கள். திரும்பி, "ஏத்தா, இத ஏன் மொதல்லயே சொல்லல?" என்று என்னைத்தான் திட்டியிருப்பீர்கள்.

போன வாரம் வீட்டில் இன்னொரு வரன் வந்தது. அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம், படிக்கப் போகிறேன் என்று நிலைப்படியில் நின்று சொன்னேன். தாளின் பக்கம்தான் புரண்டது. இத்தனை வருடமும் அங்கிருந்தே திரும்பிப் போகிறவள் நான். அன்று ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். அவர் நிமிரும்வரை காத்திருந்து, முகத்தைப் பார்த்து மறுபடியும் சொன்னேன்.