மாறிப்போன அட்டை

அப்பா,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். கார் சாவியைத் தேட வேண்டாம், என் கைப்பையில் இருக்கிறது.

ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்க நேற்று சாயங்காலம் காருக்கு அடியில் நான் விரித்தது ஃபேன் வந்த பெட்டியின் அட்டை. இன்று காலை அங்கே கிடந்தது மிக்ஸி வந்த அட்டை. அதில் ஒரு சொட்டுகூட இல்லை. "பாத்தியா, ஒழுகறது நின்னு போச்சு. இன்னைக்கே போய் அம்மாவைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள். உங்கள் நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

நீங்கள் குளிக்கப் போனதும் ஆயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஆயில் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. அம்மாவை ஏற்றிக்கொண்டு வரும்போது நடுவழியில் எஞ்சின் ஜாம் ஆனால் என்ன செய்வீர்கள்?

பதினோரு மணிக்கு மெக்கானிக் வருவார்; போகிற வழியில் சாவியை அவரிடமே கொடுத்துவிடுவேன். ஆயில் கசியும் இடத்தில் இருக்கும் கேஸ்கெட்டை மாற்றினால் போதும் என்கிறார். "என் பொண்ணு சும்மா பயப்படறா" என்று வாசலிலேயே பேசி அனுப்பிவிடாதீர்கள். ஃபேன் அட்டையை அவரிடம் காட்டுங்கள். உங்கள் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

கோபமாகத்தான் போகிறேன். மாத்திரையை மறக்க வேண்டாம்.

பி.கு.: அம்மாவுக்கு ஃபோன் செய்து, இன்று கார் வராது என்று மட்டும் சொன்னேன். அட்டையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. "இந்தத் தடவை எந்த அட்டையை மாத்தி வெச்சாரு?" என்று கேட்டாள்.