சார்ந்தோர் பதினொருவர்

அன்புத் தங்கை வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். நீ நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும், அதனால் கேட்கவில்லை. வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் நீ உயிரோடு இருக்கிறாய் என்று நேற்று தூதரகத்திலிருந்து வந்த தகவலில் ஒரு வரி இருந்தது. இப்போதைக்கு எனக்கு அது போதும். இந்தக் கடிதத்தைத் தூதரக ஓட்டுநர் உன் கையிலேயே கொடுப்பார். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

போன கடிதத்தில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாய். குண்டு விழுந்து ஆஸ்பத்திரியின் மேல்மாடி இடிந்து கிடக்கிறது, உங்கள் அரசாங்கத்துக்கு 'ஆழ்ந்த கவலை'யை விட்டால் வேறு வார்த்தையே தெரியாதா, அதை எழுதுகிற கை உன் கைதானே என்று கேட்டிருந்தாய். என் கைதான். முதல் வரைவில் 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்றுதான் எழுதினேன். மேலே போய்த் திரும்பியபோது 'வன்மையாக' போயிருந்தது. மறுபடி போய் வந்தபோது 'வருந்துகிறோம்' ஆகியிருந்தது. அதுவும் நிற்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியுறவுச் செயலாளரிடமே போய்க் கேட்டுவிட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, துறைமுகம் யார் கையில இருக்குன்னு தெரியுமில்ல, இன்னைக்கு நாம கண்டிச்சா நாளைக்கு நம்ம கப்பலை உள்ளே விடுவானா, நானூறு பேர் அங்கே மாட்டிக்கிட்டிருக்காங்கம்மா என்றார். அவர் சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த நானூறில் நீயும் ஒருத்தி, அதனால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். கோழை என்று திட்டுவதானால் திட்டிக்கொள்.

அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கிறாள். வெள்ளை உடுப்பில் யார் ஓடினாலும் எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்று உற்றுப் பார்க்கிறாள். சாப்பிடும்மா என்றால், அவ சாப்பிட்டாளா என்று என்னைக் கேட்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், நிதானமாகப் படி. கப்பல் வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு வரும், இரண்டு மணிக்குக் கிளம்பிவிடும். அந்த இரண்டு மணி நேரம் சுடமாட்டோம் என்று இரண்டு தரப்பும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு நிமிடத்துக்கும் உத்தரவாதம் இல்லை. தூதரகத்தார் இரண்டு தடவை கூப்பிட்டும், வார்டில் பதினோரு பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்க நாதியில்லை, அவர்களை விட்டுவிட்டு ஏறமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாயாம். கப்பலிலோ நம் குடிமக்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் மட்டும்தான் இடம்.

அந்தச் 'சார்ந்தோர்' என்ற வார்த்தையில்தான் அக்கா கை வைத்திருக்கிறேன். எங்கள் குறிப்புகளில் அது வந்தால் பின்னாலேயே அடைப்புக்குறிக்குள் 'கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர்' என்று வரும். பத்தொன்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்த அடைப்புக்குறி அது. திங்கட்கிழமை நீ இருக்கிற நாட்டுக்கு அனுப்பிய குறிப்பில் அதை விட்டுவிட்டேன். மறதியால் இல்லை. இணைப்புப் பட்டியலில் உன் பெயருக்கு நேரே, சார்ந்தோர் கட்டத்தில், பதினொன்று என்று போட்டேன். கல்யாணமே வேண்டாம் என்று எங்களைப் பாடாய்ப் படுத்தியவளுக்கு ஒரே நாளில் எவ்வளவு பெரிய குடும்பம் பார்!

எங்கள் பிரிவுத் தலைவருக்குக் 'காற்புள்ளி' என்று நாங்கள் வைத்த பெயர் உனக்கு நினைவிருக்கும். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் முழுக் குறிப்பையும் திருப்பி அனுப்புகிற மனுஷர். உன் கட்டத்துக்கு நேரே அவர் பேனா நின்றது. உங்க தங்கச்சி நர்ஸ்தானே என்றார். ஆமாம் சார் என்றேன். முதல் பக்கத்துக்குத் திருப்பினார். அப்புறம், எட்டாவது வரியில ஒரு காற்புள்ளி போயிடுச்சு, போட்டுட்டுக் கையெழுத்துக்கு அனுப்புங்க என்றார். முழு அடைப்புக்குறி காணாமல் போனது அவர் கண்ணில் படவில்லையாம்! நீ நம்புகிறாயா?

இன்று காலை பதில் வந்துவிட்டது. பட்டியலை அப்படியே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் உன் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டவர்கள் என்று தலைமை மருத்துவரிடம் இன்றே கையெழுத்து வாங்கு. நடக்க முடியாத மூன்று பேருக்குக் கப்பலில் ஸ்ட்ரெச்சர் உண்டு. துறைமுகத்தில் யார் கேட்டாலும் இவர்கள் என்னைச் சார்ந்தவர்கள் என்று மட்டும் சொல். நோயாளிகள் என்ற வார்த்தை தப்பித்தவறியும் வாயில் வரக்கூடாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும், அது வர ஒரு மாதம் ஆகும். இங்கே யாராவது, கல்யாணமாகாதவள் என்று நீ எழுதிக் கொடுத்த பழைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தால் என் வேலை போகும். போகட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. உன்னை எனக்குத் தெரியும். பிள்ளைகளை ஏற்றிவிட்டு, வார்டில் மீதிப் பேர் இருக்கிறார்கள் என்று கரையில் நின்று கையாட்டப் பார்ப்பாய். அது நடக்காது. சார்ந்தோர் தனியாக ஏற முடியாது. யாரைச் சார்ந்தவர்களோ அவர் கூடவே ஏற வேண்டும், இல்லையென்றால் அத்தனை பேரையும் இறக்கிவிடுவார்கள். அந்த விதி தெரிந்துதான் அந்தக் கட்டத்தை நிரப்பினேன். பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். முகம் தெரியாத பிள்ளைகளை வைத்து உன்னைக் கட்டியிழுக்கிறேன். இவ்வளவு கெட்டவளா நீ என்று கேட்கத் தோன்றினால் நேரில் வந்து கேள்.

மொத்தம் பன்னிரண்டு என்று பட்டியலில் எழுதியிருக்கிறேன். வாலு, சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதையும் நீ கேட்டதில்லை. இந்த ஒரு தடவை கேளடி. பன்னிரண்டு பேரும் நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லாமல் போன
உன்னைச் சார்ந்தோர் இருவர்,
அம்மாவும் அக்காவும்